மேக்க போனா பாண்டி, கெழக்க போனா மலையாளத்தான்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், வரலாற்றுத் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "சார், நீங்க ஹிஸ்டரி ஆளு. இந்த உக்ரைன் யுத்தச் செய்தி வந்த நாள் முதலா பிள்ளைங்க ரஷ்யாவைப் பத்திக் கேட்டுட்டே இருக்கு. ரஷ்யா கிழக்கு நாடா, மேற்கு நாடா? அந்த ஆளுங்க நம்ம மாதிரியா, வெள்ளைக்காரன் மாதிரியா? அதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் யோசித்தேன். ரஷ்யாவுக்கு நான் போனதில்லை. ரஷ்ய மொழி தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 'நீ கிழக்கா, மேற்கா?' என்ற இதே கேள்வியை என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். இங்கிருக்கும் உங்களில் பலரிடமும் கேட்டிருப்பார்கள்.

1971இல் இந்தக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு மேல்படிப்புக்குத் திருவனந்தபுரம் போனேன். விடுதியில் முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள், 'பாண்டி' என்று. படிப்பு முடித்து வேலைக்குச் சென்னை போனேன். நான் வாயைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார், "சாருக்குக் கேரளாவா?" நான் இல்லை என்றேன். "பேச்சு அப்படித்தான் இருக்கு" என்று சிரித்தார். லீவுக்கு வந்தபோது பாட்டியிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். பாட்டி பிறந்த ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது தோவாளைத் தாலுகா. அவள் சொன்னாள்: "மேக்க போனா பாண்டிங்கான், கெழக்க போனா மலையாளத்தாங்கான். அதுக்கு நீ ஏன் மக்களே மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்க? கையக் கழுவிட்டு வந்து கஞ்சியக் குடி."

நான் பிற்காலத்தில் படித்த பெரிய பெரிய புத்தகங்களிலும் இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலைப் பார்த்ததில்லை. அதன் பொருளைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் ரஷ்யா. அந்தக் காலத்தில் நம் ஊர் வீடுகளுக்கு ரஷ்யா வந்தது 'சோவியத் நாடு' பத்திரிகை வழியாக. வழவழப்பான தாள். படித்தோமோ இல்லையோ, பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. பிறகு மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, மலிவு விலையில் வந்த நாவல்கள். நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் சில ரூபாய்க்கு டால்ஸ்டாய் கிடைப்பார். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவின் மண் அல்லவா இது! ரஷ்யா என்றால் நமக்கு ஒரு சொந்தக்காரர் வீடு மாதிரி ஒரு நினைப்பு.

அந்த நாவல்களைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. பிரபு வீட்டு விருந்தில் எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறார்கள். வேலைக்காரரிடம் ரஷ்ய மொழி பேசுகிறார்கள். மூலையில் குத்துவிளக்கு மாதிரி ஒரு சிறு விளக்கு, அதன் முன்னே திருவுருவப் படம், அதைக் கும்பிட்டு விழுந்து எழுகிறார் ஒரு கிழவி. ஒரே வீட்டுக்குள் இரண்டு உலகம். 'அட, இது நம்ம வீடுல்லா!' என்று தோன்றியது.

வரலாற்றைப் பார்ப்போம். 988இல் கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிர் கிறிஸ்தவரானார். ரோமாபுரியிடமிருந்து அல்ல, கான்ஸ்டாண்டிநோபிளிடமிருந்து அந்தச் சமயத்தைப் பெற்றார். அன்றே ரஷ்யாவுக்குக் கிழக்கத்திய கிறிஸ்தவம் என்ற முத்திரை விழுந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தார்கள், ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டு அவர்களுக்குக் கப்பம். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த பிறகு, 'முதல் ரோம் போயிற்று, இரண்டாம் ரோம் போயிற்று, இனி மாஸ்கோதான் மூன்றாம் ரோம்' என்னும் எண்ணம் அங்கே துறவி ஒருவரின் கடிதத்தில் முளைத்தது.

அப்புறம் வந்தார் மகா பீட்டர். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1698இல் ஊர் திரும்பியதும் முதல் காரியமாகத் தம் பிரபுக்களின் தாடியைக் கத்தரித்தார். தாடி வைக்க வேண்டுமானால் வரி கட்டு என்றார். தாடி அங்கே வெறும் முடியல்ல, பக்தியின் அடையாளம். 1703இல் மேற்கைப் பார்த்தபடி ஒரு புதுத் தலைநகரம் கட்டினார், அதுதான் பீட்டர்ஸ்பர்க். 1721இல் திருச்சபைத் தலைவர் பதவியையே ஒழித்து, சபையை அரசாங்க இலாகா மாதிரி ஆக்கினார்.

1836இல் சாதாயெவ் என்ற சிந்தனையாளர் ஒரு கடிதத்தை அச்சிட்டார். நாம் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, உலகத்துக்கு நாம் எதுவும் தரவில்லை என்பது அதன் சாரம். ஜார் மன்னர் என்ன செய்தார் தெரியுமா? இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று அறிவித்து, டாக்டரை அனுப்பி வைத்தார்! அந்தக் கடிதத்துக்குப் பிறகு ரஷ்யப் படிப்பாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, ஐரோப்பா போன வழியில் போனால்தான் கதி என்றது. இன்னொரு கட்சி, நம் கிராமமும் நம் திருச்சபையும்தான் உயிர், ஐரோப்பா அழுகிக்கொண்டிருக்கிறது என்றது. தாஸ்தயெவ்ஸ்கி தம் கடைசிக் காலத்தில் நொந்துபோய் எழுதினார்: ஐரோப்பாவில் நம்மைத் தார்த்தாரியராகப் பார்க்கிறார்கள், ஆசியாவுக்குப் போனால் நாம் ஐரோப்பியர் ஆகிவிடுகிறோம் என்ற பொருளில். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். என் பாட்டி சொன்னதும் அதுதானே!

இனி நம்ம ஊருக்கு வருவோம். நமக்குக் கிழக்கு என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய், அதற்கு அப்பால் பாண்டி நாடு. மேற்கு என்றால் களியக்காவிளை, அதற்கு அப்பால் மலையாள நாடு. இரண்டு பக்கமும் வாசல் உள்ள வீடு நாஞ்சில் நாடு. நம் வயலைப் பாருங்கள். மேற்கிலிருந்து இடவப்பாதி மழை, கிழக்கிலிருந்து ஐப்பசி மழை. கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ ஒன்று. நெல்லுக்கு எந்த மழை சொந்த மழை, எந்த மழை அந்நிய மழை? நம் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். ஒரே இலையில் சாம்பாரும் உண்டு, எரிசேரியும் உண்டு, ரசமும் உண்டு, அடைப்பிரதமனும் உண்டு. எந்தக் கிழவியும் இலையின் நடுவில் எல்லைக்கோடு போட்டுப் பரிமாறியதில்லை.

எல்லைக்கோட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் நம் பெரியவர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று இணைந்தோம். தன் மொழியில் படிக்கவும் மனு எழுதவும் உரிமை கேட்டவர்கள் அவர்கள். அதில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லை போட்ட பிறகும் நம் தெய்வங்கள் அதைக் கடப்பதை நிறுத்தவில்லை. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். இன்றும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போய்க் கொலுவிருந்து திரும்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்கிறது. நம் மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறது. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரம். நமக்குப் பழகிப்போன சங்கதி.

சமயத்தில் இன்னும் விசேஷம். ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக்கு இயேசுவின் சீடர் அந்திரேயா வந்ததாக ஐதீகம் சொல்வார்கள். நம் திருவிதாங்கோட்டில் இன்னொரு சீடரான தோமா வந்து கோயில் எழுப்பியதாக ஐதீகம். கருங்கல் கட்டடமான அந்த அரப்பள்ளிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பழங்காலக் கோயில் மண்டபத்துக்குள் நிற்பது போலவே இருக்கும். அது ஆர்த்தடாக்ஸ் சபை. ஆனால் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வேறு, மலங்கரை ஆர்த்தடாக்ஸ் வேறு. 451இல் நடந்த கால்சிடன் சங்கத்தின் முடிவை ஏற்பதா வேண்டாமா என்பதில் பிரிந்த கிளைகள். இரண்டும் கிழக்கத்திய கிறிஸ்தவம்தான், அண்ணன் தம்பி மாதிரி.

அதே மாவட்டத்தில் கோட்டாற்றில் லத்தீன் முறைக் கத்தோலிக்கம். மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை. வழிபாடு அந்தியோக்கிய முறை, தலைமை ரோமாபுரி. கிழக்கும் மேற்கும் ஒரே பீடத்தில்! தக்கலையில் சீரோ மலபார். மைலாடிக்கு 1806இல் வந்த ரிங்கல்தௌபே, லண்டன் மிஷன் அனுப்பிய ஜெர்மானியர். அவர் போட்ட வித்துத்தான் இன்றைய சி.எஸ்.ஐ. சபைகளில் பல. ரஷ்யா முழுவதும் தேடினாலும் இவ்வளவு விதங்களை இவ்வளவு சின்ன இடத்தில் பார்ப்பது கடினம்.

நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையின் பெயரை எண்ணிப் பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுக்கும் அதிகாரி ஆனார். அவர் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார் நீலகண்ட பிள்ளை. லாசர் என்ற பெயர் கொடுத்தார்கள். அதற்கு 'கடவுள் துணை' என்று பொருள். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல் நம் வழக்குக்கு மாற்றித் 'தேவசகாயம்' என்றார்கள். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். உலகம் முழுக்க அவரைக் கூப்பிடும் பெயர், நம் ஊர்க்காரர் மொழிபெயர்த்த பெயர்.

இன்னும் உண்டு. நாகராஜா கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். சிதறால் மலையில் சமணப் பள்ளியும் பகவதியும் ஒரே பாறையில். தக்கலையில் பீர் முகம்மது அப்பா தமிழிலேயே ஞானப் பாட்டுப் பாடி அடங்கியிருக்கிறார். இவர்களில் எவரையும் வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்லிவிட்டால், மிஞ்சுவது யார்?

இவ்வளவும் சொன்னதும் சிலர் கைதட்டத் தயாராகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு நோய் வரும். ரஷ்ய வரலாற்றில் இரண்டும் வந்தன.

முதல் நோய் வெட்கம். தாடியைக் கத்தரிப்பது. அடுத்தவன் கண்ணாடியில் மட்டும் தன் முகத்தைப் பார்ப்பது. நானும் செய்திருக்கிறேன். சென்னையில் இரண்டே ஆண்டில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். வீட்டிலிருந்து கடிதம் வந்தால்கூட, அதில் 'மக்களே' என்று எழுதியிருப்பதை அறைத் தோழர் பார்க்காமல் மடித்து வைப்பேன். அதைவிட மோசம், நம் மாவட்டத்து விளவங்கோட்டுக்காரர் ஒருவர் ஆபீசில் சேர்ந்தபோது, அவர் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைச் சிரித்தவர்களோடு சேர்ந்து நானே!

இரண்டாம் நோய் கர்வம். வெட்கம் முற்றினால் அதுவே கர்வமாகத் திரும்பும். 'நாங்கள் கிழக்குமில்லை, மேற்குமில்லை, இரண்டுக்கும் மேலே' என்ற பேச்சு. மூன்றாம் ரோம் என்ற எண்ணத்தில் இந்த ஆபத்து ஒளிந்திருந்தது. 1650களில் மாஸ்கோத் திருச்சபைத் தலைவர் நிக்கோன் வழிபாட்டைத் திருத்தினார். இரண்டு விரலால் சிலுவை போடாதே, மூன்று விரலால் போடு என்றார். மறுத்தவர்களை நாடு கடத்தினார்கள், சிலரைக் கொளுத்தினார்கள். ஒரு விரல் வித்தியாசம்! 1901இல் டால்ஸ்டாயையே சபைக்கு வெளியே தள்ளினார்கள். 1931இல், கடவுள் இல்லை என்ற ஆட்சி, மாஸ்கோவின் மீட்பர் பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தது. பிற்பாடு அந்த இடத்தில் நீச்சல் குளம் வெட்டினார்கள். சோவியத் ஆட்சி போன பிறகு அதே ஆலயத்தை மறுபடி கட்டி 2000இல் அர்ச்சித்தார்கள். வெட்கமும் கர்வமும் மாறி மாறி.

கீவ் நகரம் ரஷ்யருக்கும் உக்ரைனியருக்கும் பொதுவான ஞானஸ்நானத் தொட்டி. 2019இல் உக்ரைன் சபைக்குக் கான்ஸ்டாண்டிநோபிள் தனியுரிமை கொடுத்தது. மாஸ்கோ அதை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது மாஸ்கோத் திருச்சபைத் தலைவர் அதற்கு ஆதரவாகப் பேசினார். 'நீயும் நானும் ஒன்று' என்பது அன்பான வாக்கியம். ஆனால் துப்பாக்கியோடு வந்து சொன்னால் அதன் பொருளே வேறு.

ரஷ்யாவின் அரசுச் சின்னம் இரட்டைத் தலைக் கழுகு. ஒரு தலை மேற்கே பார்க்கும், ஒரு தலை கிழக்கே. நம் பஞ்சதந்திரத்திலும் இரட்டைத் தலைப் பறவை ஒன்று உண்டு, சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். ஒரு தலைக்கு நல்ல பழம் கிடைத்தது, மற்றத் தலைக்குக் கொடுக்கவில்லை. மற்றத் தலை கோபத்தில் விஷப் பழத்தைத் தின்றது. வயிறு ஒன்றல்லவா? பறவையே செத்தது.

அந்தப் பறவையை நான் என் ஊரில் பார்த்திருக்கிறேன். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. யார் தொடங்கினார்கள் என்று பேச நான் வரவில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்போது ஊருக்கே மாற்றலாகி வந்திருந்தேன். இந்தக் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன், கடற்கரை ஊர். அவன் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் போவேன். அவன் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வருவான். அந்த வருஷம் நான் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவனும் வரவில்லை. எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. 'போனா அவங்க என்ன நினைப்பாங்களோ' என்று நான் நினைத்தேன், 'வந்தா இவங்க என்ன நினைப்பாங்களோ' என்று அவன் நினைத்தான். இப்படியே இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் துணிந்து போனேன். அவன் அம்மா வாசலிலேயே நின்றார்கள். "ரெண்டு வருசமும் ஒனக்குள்ள சோத்த எடுத்து மூடி வச்சிருந்தேன் மக்கா, வரல்லியே நீ" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. மீன் குழம்பை ஊற்றினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "சொல்லுடே, பிள்ளைங்க கேக்கட்டும்" என்றான்.

மாணவச் செல்வங்களே, ரஷ்யா கிழக்கா மேற்கா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். அதில் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்தப் பெரிய தேசம் எப்போதெல்லாம் இரண்டு வாசலையும் திறந்து வைத்ததோ, அப்போதெல்லாம் உலகத்துக்கு டால்ஸ்டாய் போன்றவர்கள் கிடைத்தார்கள். 1908இல் அவர் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற கட்டுரையில் நம் குறளை எடுத்துக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்ததுதான். அந்தக் கடிதத்தைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் பத்திரிகையில் வெளியிட்டார். நம் வள்ளுவர் சொன்னது ரஷ்யா போய், ஆப்பிரிக்கா வந்து, காந்தி கைக்குச் சேர்ந்தது. இரண்டு வாசல் திறந்திருந்தால் நடக்கிற காரியம் இது. ஒரு வாசலை அடைத்தபோதெல்லாம் அங்கே என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

நமக்கும் அதுதான். உங்களிடம் நான் கேட்பது மூன்று சின்னக் காரியம். வெளியூர் போனால் உங்கள் பேச்சை ஒளிக்காதீர்கள். பக்கத்து மொழியான மலையாளத்தை எழுத்துக்கூட்டியாவது படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, உங்கள் சிநேகிதன் வீட்டுத் திருவிழாவுக்கு இந்த வருஷம் போங்கள். ஊரில் ஏதாவது பதற்றம் என்றால் அந்த வருஷம் கட்டாயம் போங்கள். நான் போகாமல் விட்ட இரண்டு வருஷத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

என் பாட்டி சொன்ன கஞ்சி இன்னும் அடுப்பில் இருக்கிறது. கிழக்கேயிருந்து வந்தாலும் மேற்கேயிருந்து வந்தாலும் கையைக் கழுவிவிட்டு உட்காரலாம்.